சாவா மூவாப் பேராடு: நிலைத்திருப்பவர்களின் கணக்கு

வெளி மாநிலத்தில் தமிழ்ச் சங்கம் நடத்துகிறவர் யாரும் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. சந்தாப் புத்தகத்தோடு ஒரு வீட்டுப் படியேறினால், படித்த இளைஞர் மரியாதையாக உட்கார வைத்து, காபி கொடுத்து, பிறகு கேட்பார்: "அதெல்லாம் சரி சார், இதுல சேர்ந்தா எனக்கு என்ன கிடைக்கும்? இந்த ஊர்ல நான் ரெண்டு வருஷம் இருப்பேனோ, மூணு வருஷம் இருப்பேனோ!"

கேள்வியில் குற்றம் இல்லை. வியாபாரத்திலேயே வயதைக் கழித்தவன் என்பதால், லாபம் என்ன என்று கேட்பவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் இதற்கு "தமிழுக்காக", "இனத்துக்காக" என்று உரத்த குரலில் பதில் சொல்வது பயன்படாது. கணக்கு கேட்டவருக்குக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். அப்படி ஒரு கணக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர்தான் இக்கட்டுரையின் தலைப்பு.

ஆட்டுக் கணக்கு

சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு எரிப்பது பெரிய அறம். நந்தா விளக்கு என்றால் அணையாத விளக்கு. இரவும் பகலும் எரிய வேண்டும். இதற்கு நெய் வேண்டும். நெய்க்குப் பணம் கொடுத்தால் பணம் ஒருநாள் தீர்ந்துவிடும். ஆகவே ஆடு கொடுத்தார்கள். ஒரு விளக்குக்குப் பல ஊர்க் கல்வெட்டுகளில் 90 ஆடு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 96 ஆடு. ஆடு இல்லையென்றால் 48 பசு, அதுவும் இல்லையென்றால் 16 எருமை. இந்தக் கால்நடைகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் கால் பங்கு.

இப்படிக் கொடுத்த ஆடுகளைத்தான் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. சாகாத, கிழடு தட்டாத பெரிய ஆடுகள்! ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். ஆனால் எண்ணிக்கை சாகாது. ஒன்று செத்தால் ஒரு குட்டி அந்த இடத்துக்கு வரும். பத்து ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தால் பழைய ஆடு ஒன்றுகூட இராது. மந்தை மட்டும் அப்படியே 96. மந்தைக்கு மரணமும் இல்லை, மூப்பும் இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. தினம் ஓர் உழக்கு நெய்க்கு 96 ஆடு எதற்கு? யோசித்தால் விளங்கும். எல்லா ஆடும் ஒரே சமயத்தில் கறவையில் இருக்காது. குட்டிக்குப் பால் விட வேண்டும். மழையில்லாத ஆண்டில் மேய்ச்சல் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேய்க்கிறவர் குடும்பம் பிழைக்க வேண்டும். விளக்குக்குப் போக மிஞ்சுகிற பால், கூடுதல் குட்டி, வயலில் கிடை போட்டால் வரும் கூலி எல்லாம் அவருக்கு. விளக்கு எரிய வேண்டுமானால் மேய்ப்பவர் அடுப்பும் எரிய வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது எனலாம்.

பொறுப்பும் ஒருவரோடு நிற்கவில்லை. தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடு பெற்றவர் பெயரோடு, அவர் உறவினரும் உறவினரின் உறவினரும் சந்திர சூரியர் உள்ளவரை நெய் அளக்கக் கடவர் என்ற கருத்து வருகிறது. ஒருவர் போனால் அடுத்தவர் யார் என்பது முதல்நாளே முடிவான விஷயம்.

ஆக இந்த ஏற்பாட்டில் மூன்று விதிகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, ஆள் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. இரண்டு, உழைக்கிறவருக்கு அதில் பிழைப்பு இருக்க வேண்டும். மூன்று, அடுத்த பொறுப்பாளி யார் என்பது இப்போதே தெரிய வேண்டும். ஒரு சமூகத்திலோ தொழிலிடத்திலோ நீண்டகாலம் நிலைத்திருப்பதன் இலக்கணம் முழுவதும் இம்மூன்றில் அடங்கிவிடுகிறது.

கல் காக்கவில்லை, ஆள் காத்தார்

திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகில் திருமலை என்ற எங்கள் சமணத் தலம் இருக்கிறது. அங்குள்ள கோயிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்று பெயர். முதலாம் இராசேந்திரன் காலத்தில் (1012–1044), மல்லியூர் வணிகன் நன்னப்பயன் என்பவரின் மனைவி சாமுண்டப்பை அங்கே ஒரு நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு வியாபாரி வீட்டு அம்மையாரின் பெயர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டாக நிற்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாட்டில் நந்தா விளக்குக் கல்வெட்டுகள் ஏராளம். அந்த விளக்குகளில் மிகப் பலவும் இன்று எரியவில்லை. 'சந்திர சூரியர் உள்ளவரை' என்று வெட்டிய கல் இருக்கிறது. நெய் அளக்க ஆள் இல்லை. கல்லில் எழுதியதால் விளக்கு எரிந்ததில்லை, மறுநாள் காலை ஒருவர் நெய்ப் பாத்திரத்தோடு வந்ததால் எரிந்தது. நம் சங்கங்களிலும் சட்டதிட்டப் புத்தகம் பீரோவில் பத்திரமாக இருக்கும். சங்கம் இருக்கிறதா என்பது, ஞாயிற்றுக்கிழமை மாலை அறையைத் திறந்து விளக்குப் போட ஆள் வருகிறாரா என்பதைப் பொறுத்தது.

வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்

நீடித்த ஈடுபாட்டுக்கு உடனடிப் பலன் தெரியாது. பலன் வரும்போது அது யாரும் எதிர்பாராத வழியில் வரும். இதற்கு ஒரு நல்ல சான்று கும்பகோணத்தில் உண்டு.

1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையரிடம் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் ஐயரைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பியது. ஏடு கிடைத்தது, ஆனால் சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல சொற்கள் பிடிபடவில்லை. ஆகவே அவ்வூர்ச் சமணர்களைத் தேடிப் போனார். அவர் போன வீட்டில் சிந்தாமணியை முறையாக வாசித்துப் பொருள் கேட்டு முடித்த நிறைவு விழா நடந்துகொண்டிருந்தது! அவரே தம் 'என் சரித்திரம்' நூலில் இதை எழுதியிருக்கிறார். அந்தச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்து, பல ஏடுகளை ஒப்பிட்டு, 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார்.

அந்தச் செட்டியார்களும் நயினார்களும் பெரிய கல்விச் சாலை எதுவும் நடத்தவில்லை. பட்டம் வாங்கவில்லை. நூல் படிப்பது சமணருக்கு விதித்த கடமைகளில் ஒன்று. அதற்கு சுவாத்தியாயம் என்று பெயர். அந்தக் கடமையை விடாமல் செய்தார்கள், அவ்வளவுதான். ஓலையின் ஆயுளோ கூடிப்போனால் சில நூறு ஆண்டு. பூச்சி அரிக்கும் முன் புதிய ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். அப்படியானால் திருத்தக்கதேவர் காலம் தொடங்கி எத்தனை தலைமுறை எத்தனை முறை பெயர்த்து எழுதியிருக்கும்! அவர்களில் ஒருவரேனும் 'எனக்கென்ன கிடைக்கும்' என்று எழுத்தாணியை வைத்திருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கலாம். கேட்க ஒருவர் வரும் நாளில் சொல்ல ஒருவர் அங்கே இருந்தார். நிலைத்திருப்பதன் முதல் பலன் இதுதான்.

கைப்பிடி அரிசி

'ஈடுபாடு இருந்தால் போதுமா, பணம் வேண்டாமா?' என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் பெருந்தொகை ஒரே தடவை வருவதைவிடச் சிறு தொகை விடாமல் வருவதே அமைப்பை நிறுத்துகிறது.

விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியா சாலை இதற்கு எடுத்துக்காட்டு. நாடார் உறவின்முறை வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தின் அளவுக்கு ஏற்ப 'மகமை' என்று ஒரு சிறு தொகை எடுத்து வைத்தார்கள். வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டார்கள். அதைத் திரட்டி விற்றுப் பள்ளி நடந்தது. காமராசர் படித்த பள்ளி அது. ஒரு பிடி அரிசி போட்டதால் எந்த வீட்டிலும் சோறு குறைந்திருக்காது. ஆனால் தினம் உலை வைக்கும்போது 'இது பள்ளிக்கூடத்துக்கு' என்ற நினைவு வந்துபோகும். அரிசியைவிட அந்த நினைவுதான் பெரிய வரவு என்பது என் துணிபு.

பிழைக்கப் போன இடத்திலும் இந்த வழக்கம் பழையதே. சுமத்திரா தீவின் பாரூசில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. காலம் 1088. ஐந்நூற்றுவர் குழு கருநாடகத்து ஐகொளெயில் வேர் கொண்டது. மரக்கலத்தில் வந்திறங்குவோர் கஸ்தூரி விலையை அளவாக வைத்துப் பொன் செலுத்த வேண்டும். அதன் பிறகே விரித்த பாவாடைமேல் கால் வைக்கலாம் என்பது அதில் உள்ள செய்தியாக அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். கடல் கடந்து போன இடத்தில் உறவும் உண்டு, உறவுக்கு ஒரு பங்கும் உண்டு.

வெளியூரில் நட்ட மரங்கள்

நம் காலத்துக்கு வருவோம். கோடையில் சிம்லா, குளிரில் டெல்லி என்று அரசாங்கமே இடம் மாறிக்கொண்டிருந்த காலத்தில், அதன் பின்னால் அலைந்த தென்னாட்டு ஊழியர்கள் 1923இல் தலைநகரில் 'மதராசி எஜுகேஷன் அசோசியேஷன்' என்ற கல்விக் கழகத்தைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று பெயர் பெற்றுப் பல பள்ளிகளாக விரிந்தது அதுதான். மும்பை மாதுங்காவில் 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் சிறு பள்ளியிலிருந்து கல்லூரிகள் வரை வளர்ந்தது. டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946, பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950.

தொடங்கியவர்களில் எத்தனையோ பேர் மாற்றலாகக் கூடிய உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்களுக்கும் 'ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ' தான். ஆனால் தாம் போனாலும் தம் இடத்தில் ஒருவரை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். சாவா மூவாப் பேராட்டின் முதல் விதி இது. ஊரில் ஒருவர் நிரந்தரமாக இருந்தால்தான் ஈடுபாடு காட்ட முடியும் என்பது இல்லை.

பொறுமைக்கு உதாரணம் கேட்டால் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். 1991இல் அங்கே நிறுவிய திருவள்ளுவர் சிலையைத் திறக்க முடியாமல் எதிர்ப்பு எழுந்தது. துணி சுற்றியபடியே 18 ஆண்டுகள் நின்றது. அங்குள்ள தமிழர்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. அண்டை வீட்டுக் கன்னடரோடு உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. கடைசியில் 2009 ஆகஸ்ட் 9 அன்று இரு மாநில முதல்வர்களும் நிற்க வள்ளுவர் சிலை திறந்தது. நான்கே நாளில், ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறந்தது. 18 ஆண்டும் ஒரே ஊரில் சேர்ந்து வாழ்ந்தவர்களால்தான் அப்படி ஒரு சமாதானம் சாத்தியமாயிற்று. நீடித்த இருப்பு, வழக்கு மன்றமும் ஊர்வலமும் தர முடியாத நம்பிக்கையைத் தரும். வியாபாரத்தில் இதைத்தான் நாணயம் என்கிறோம். காசுக்கும் நாணயம் என்று பெயர், நம்பகத்துக்கும் நாணயம் என்று பெயர். முதலாவதை ஒரே நாளில் சம்பாதிக்கலாம். இரண்டாவதற்குக் காலம் வேண்டும்.

தொழிலிடம் கைவிட்டால்?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். 'நான் நிலைத்து நின்றேன், நிறுவனம் நிற்கவில்லையே! அப்போ என்ன செய்யறது?' இதை மழுப்பக் கூடாது.

கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போய்ச் சேர்ந்தன. தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகச் சுரங்கம் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, சூட்டில், பாறை எப்போது வெடிக்கும் என்று தெரியாத இடத்தில் வேலை. அங்கே அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருப்பதே உயிருக்கு உத்தரவாதம். அத்தனை தலைமுறை உழைப்புக்குப் பிறகு 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பாக்கித் தொகைக்காகவும் வீட்டுக்காகவும் தொழிலாளர்கள் பல ஆண்டு போராட வேண்டியிருந்தது. பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, தினம் பெங்களூருக்குப் போய் வந்து பிழைத்தார்கள்.

இடையருக்குப் பால் மிஞ்ச வேண்டும் என்ற இரண்டாம் விதியை இங்கே மறந்துவிட்டார்கள். விசுவாசம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் சுரண்டல். ஆகவே எந்த நிறுவனத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கிட என்று இளைஞர்களுக்குச் சொல்ல மாட்டேன். கூலி நியாயமாக வருகிறதா, தொழில் கற்க முடிகிறதா, நாளை நம்மை நினைப்பார்களா என்று பார். இருந்தால் அவசரப்பட்டுத் தாவாதே. ஒரு தொழிலின் நுணுக்கமும் வாடிக்கையாளரின் மனமும் ஒரு சுற்று நல்ல காலமும் ஒரு சுற்றுக் கெட்ட காலமும் பார்த்தவருக்குத்தான் பிடிபடும். இல்லையென்றால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பு.

ஆனால் தங்கவயலில் இன்னொன்றும் நடந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1914இல் அவர் மறைந்த பின், 1920களில் தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. அவர் நூல்களை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பதிப்பித்துக் காத்தது. சுரங்கத் தொழிலாளிகளின் ஊர் ஒரு சிந்தனையாளரைத் தமிழ்நாட்டுக்குக் காப்பாற்றிக் கொடுத்தது! கும்பகோணத்தில் சமணர் செய்ததை இங்கே தமிழ்ப் பௌத்தர் செய்தனர். சுரங்கத்துக்குக் கொடுத்த உழைப்பு கைவிட்டுப் போனது. தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட உழைப்பு கைவிடவில்லை. தொழிலிடத்தில் நிலைத்திரு, ஆனால் சமூகத்திலும் ஒரு கால் ஊன்றி வை என்பது இதில் கிடைக்கும் பாடம்.

நிலைத்திருப்பதும் ஒட்டிக்கொள்வதும்

மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. முப்பது ஆண்டு செயலாளராக இருப்பதையே சிலர் ஈடுபாடு என்று நினைக்கிறார்கள். குட்டி போடாத மந்தையில் எல்லா ஆடும் ஒன்றாகக் கிழடு தட்டும், ஒன்றாகவே போகும். நாற்காலியை விடாமல் பிடித்திருப்பவர் விளக்கைக் காப்பதில்லை, அடுத்தவர் கையில் நெய்ப் பாத்திரம் போகாமல் தடுக்கிறார்.

இதை வெறும் உபதேசமாகச் சொல்லவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் சமணர் என்று பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. அதிலும் வடநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் அடக்கம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரக் கிராமங்களில் சில நயினார் வீடுகளே எஞ்சியுள்ள ஊர்கள் உண்டு. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கப்பாலும் போய்விட்டார்கள். கோயில் பூசைக்கு ஆள் இல்லை என்ற பேச்சு எங்களிடம் கேட்பதுண்டு. எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்பது எங்களைப் போன்ற சிறு சமூகத்துக்குத் தெரிந்த அளவு பெரிய சமூகங்களுக்குத் தெரியாது. வெளி மாநிலத்தில் எல்லாத் தமிழரும் சிறு சமூகமே.

ஆகவே செய்யக் கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு சங்கமும் தன் பேராட்டுக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கட்டும். மொத்த உறுப்பினர் எத்தனை என்று மட்டும் பார்க்காமல், நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணட்டும். ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் பக்கத்தில் ஓர் இளையவர் பெயரை எழுதி வைக்கட்டும். சந்தாவைச் சிறிதாக வைத்து மாதந்தோறும் வாங்கட்டும். மாதம் ஒரு நாள், பத்துப் பேர் வந்தாலும் சரி, நான்கு பேர் வந்தாலும் சரி, ஒரு தமிழ் நூலை விட்ட இடத்திலிருந்து வாசிக்கட்டும். குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பவருக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுக்கட்டும். இடையர் அடுப்பை மறக்க வேண்டாம்.

சந்தாப் புத்தகத்தோடு போகும்போது அந்த இளைஞர் மறுபடி கேட்பார்: "ரெண்டு வருஷம்தானே சார் இருப்பேன்?" அவரிடம் இப்படிச் சொல்லலாம்: "தம்பி, ரெண்டு வருஷமே போதும். போகும்போது உங்க இடத்துல ஒருத்தரைச் சேர்த்துட்டுப் போங்க. போற ஊர்லயும் ஒரு சங்கம் இருக்கும், அங்க போய் உங்க பேரைச் சொல்லுங்க."